சொல்லில் தெரியும் மனம்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பர் பெரியோர். அது சொல்லிலும் தெரியும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் உள்ளிட்ட அமெரிக்க உளவியல் அறிஞர் மூவர், கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளைக் கணிப்பொறியால் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். மனச்சோர்வுற்றோர் ‘நான்’ என்ற சொல்லை மிகுதியாக எழுதியிருந்தனர்.

தமிழில் இம்முறை எளிதன்று. ‘அழுதேன்’ என்றாலே போதும். ‘நான்’ என்பது ‘ஏன்’ விகுதியில் அடங்கிவிடும். ஆகவே நாம் படிக்கும் பகுபத உறுப்பிலக்கணத்தைக் கணிப்பொறிக்கும் கற்பிக்க வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் அறிஞர்கள் இத்தகைய ஆய்வில் ஈடுபட்டுள்ளனர்.

ஆயினும், எழுதிய சொல்லை மட்டுமே கணிப்பொறி அறியும். ‘நன்றாயிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு மூலையில் தனித்திருக்கும் தோழியை நாம்தானே காண்கிறோம்? அருகில் சென்று பேசுவோம். வேண்டுமானால் ஆசிரியையிடம் அழைத்துச் செல்வோம்.