குண்டு விழுந்த தூரம்

கடலூர் முதுநகரை ஆங்கிலேயர் அளந்து வாங்கியது நிலச் சங்கிலியால் அல்ல, பீரங்கிக் குண்டால்!

1690இல், செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராமிடம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கியால் சுட்டால் குண்டு எட்டும் தூரம் வரை சுற்றியுள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. அப்போது சென்னையில் ஆளுநர் எலிகு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? சென்னையிலிருந்தே நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது மருந்து கெட்டிப்பவரின் கைத்திறனில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். முதுநகரும் வட்டத்துக்குள் வந்தது. அந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நிலைத்தது.

மருந்து கெட்டிக்கும் அந்தக் கைத்திறன் இன்றும் உண்டு. சில வெளிநாடுகளில், குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே கெட்டித்துக்கொள்கிறார்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுட்பத்தோடு மருந்தை நிறுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தூரம் பெரிதல்ல. ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பி, ஒரே புள்ளியில் போய் விழ வேண்டும். தேவனாம்பட்டினத்துப் பீரங்கிக்காரருக்கோ புள்ளி எங்கிருந்தாலும் கவலையில்லை, தள்ளி விழுந்தால் போதும்!