கண்ணாடிச் சுவரும் முருகைக்கல் மீன்களும்: சிறு கடல்நீர்த் தொட்டிக்கு மீன் தெரிதல் குறித்து

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் மத்தியில் பெரிதும் வழங்கும் சொற்களுள் ஒன்று 'ஒத்துப்போதல்' என்பதாகும். இம் மீன் அம் மீனுடன் ஒத்துப்போகும், மற்றையது ஒத்துப்போகாது என்பர். வணிக நிலையங்களில் தொங்கும் அட்டவணைகள் இவ்வுறவைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக் கட்டங்களாக்கிக் காட்டுகின்றன. அவ்வட்டவணைகளை நோக்குமிடத்து, சாந்தமும் மூர்க்கமும் ஒவ்வொரு மீனுடனும் பிறந்து அதனுடனேயே மடியும் குணங்கள் என்ற எண்ணமே எழும். இலக்கியம் பயில்வோராகிய எமக்கு இவ்வகைச் சிந்தனை புதியதன்று. பாத்திரங்களை அவர்கள் வாழும் சூழலினின்றும் பிரித்தெடுத்து, இவர் நல்லவர், இவர் தீயவர் எனப் பட்டியலிடும் திறனாய்வை நாம் நன்கறிவோம். அங்கு அத்தவறினால் ஒரு நூல் பிழையாக விளங்கிக்கொள்ளப்படும், அவ்வளவே. தொட்டியில் உயிர்கள் மடிகின்றன.

விலங்கியல் கற்பிக்கும் எமது நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் தமது இல்லத்தில் இத்தகைய தொட்டியொன்றை அமைத்தார். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்கின்படி ஏறத்தாழ 127 லீற்றர். கல்லும் மணலும் இடம்பிடித்த பின்னர் எஞ்சிய நீர் 100 லீற்றர் அளவினதே. கடைக்காரர் அவருக்கு முதலில் விற்றவை, உடலில் மூன்று வெண்புள்ளிகளையுடைய கரிய டாம்சல் மீன்கள் மூன்று. மலிவானவை, எதையும் தாங்குபவை, புதிய தொட்டியின் நீர் பக்குவப்படும்வரை விடுதற்கு உகந்தவை என்பது கடைக்காரரின் விளக்கம். இரண்டு மாதங்களில் மூன்று ஒன்றாயிற்று. எஞ்சிய அவ்வொன்று, பின்னர் கொணரப்பட்ட எம்மீனையும் கல்லிடுக்கைவிட்டு வெளியே வரவிடவில்லை. 'மூர்க்கப் பிராணி' என்று நண்பர் சலித்துக்கொண்டார்.

ஆயின் இதே டாம்சல், கடலில் தன் இளம்பருவத்தைக் கடலனிமனியின் கொட்டும் பரிசக்கொம்புகளிடையே, கோமாளி மீன்களின் அயலில், தன்னினத்தவையுடன் கூட்டமாகவே கழிக்கின்றது. குணம் மாறிவிட்டதா? மாறியது இடம். கடலில் துரத்தப்படும் மீன் சில முழத் தூரம் நீந்தினால் துரத்துவதன் எல்லையைக் கடந்துவிடும், துரத்தியதும் திரும்பிவிடும். தொட்டியில் அவ்வெல்லைக்கு அப்பால் இருப்பது கண்ணாடி.

இவ்விடத்திற் கொன்ராட் லோரன்ஸை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1963 இல் ஜெர்மன் மொழியிலும் 1966 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த, ஆக்கிரமிப்புணர்வு பற்றிய அவரது நூல் முருகைக்கல் மீன்களிலிருந்தே தொடங்குகின்றது. விளம்பரத் தாள்போற் பளிச்சிடும் நிறமுடைய மீன்கள் பிற இனங்களைவிடத் தம்மினத்தையே கூடுதலாகத் தாக்குகின்றன என்பதை அவர் கடலிலும் தொட்டியிலும் அவதானித்தார். உணவுக்காகப் போட்டியிடுவது முதன்மையாகத் தன்னினமே என்பதனால், இத்தாக்குதல் அவ்வினத்தைப் பாறையெங்கும் பரவச் செய்கின்றது என்பது அவர் தந்த விளக்கம். தொட்டிக்காரருக்கு இது மிகப் பயனுள்ள செய்தி. ஒரே இனத்தவை மட்டுமன்றி, ஒரே நிறமும் ஒரே உருவமும் ஒரே உணவுப் பழக்கமும் கொண்டவையும் சிறு தொட்டியில் ஒன்றாக இடப்படலாகாது. கடலில் தோற்ற மீன் தப்பியோடிவிடும் என்பதையும், தப்ப வழியற்ற தொட்டியில் வென்ற மீன் அதனைக் கொன்றுவிடுவதுண்டு என்பதையும் லோரன்ஸே எழுதியுள்ளார். அவதானி என்ற வகையில் அவரது நேர்மை போற்றத்தக்கது. ஆனால் மீனிலிருந்து மனித சமுதாயத்துக்குத் தாவி, போரையும் பகையையும் உள்ளிருந்து பீறிடும் இயல்பூக்கமாக விளக்க முற்படும்போது, தாமே சுட்டிய அக்கண்ணாடிச் சுவரை அவர் மறந்துவிடுகிறார் என்பது எமது கருத்து.

கோமாளி மீனின் வாழ்க்கை இதனினும் தெளிவான சான்று. 1977 இல் பிரிக்கே தம்பதியர் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் அனிமனியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணையான ஆண். ஏனையவை இனப்பெருக்கத்தில் ஈடுபடாதவை. பெண்ணின் ஆதிக்கமே ஆண் பெண்ணாக மாறுவதைத் தடுத்துநிற்கின்றது. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். எஞ்சியவற்றுட் பெரியது ஆணின் இடத்துக்கு உயரும். (2003 இல் உலகெங்கும் குழந்தைகளைக் கவர்ந்த கோமாளி மீன் திரைப்படத்தில், தாயை இழந்த குஞ்சைத் தேடிச் சென்ற தந்தை, உயிரியலின்படி தாயாகியிருக்க வேண்டும்.) ஆணா பெண்ணா என்பதுகூட இங்கு கூட்டத்தில் வகிக்கும் இடத்தினால் நிர்ணயமாகின்றது. இதிலிருந்து தொட்டிக்காரர் பெறும் விதி எளிது: ஒன்று சற்றுப் பெரியதும் மற்றையது சிறியதுமான இரண்டு இளங்குஞ்சுகளை ஒரே நேரத்தில் இடவேண்டும். வளர்ந்த பெரிய மீன்கள் இரண்டை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருக்கக்கூடும். அப்போது ஒன்றே எஞ்சும். மூன்றாவதற்கு 100 லீற்றரில் இடமில்லை. அனிமனியும் வேண்டியதில்லை. அது வலிய ஒளி வேண்டுவது, இடம்பெயர்ந்து முருகைகளைச் சுடுவது. அதுவின்றியும் கோமாளி மீன் தொட்டியில் நலமே வாழும்.

உணவின் நிலைமை வேறு. சண்டையினால் மடிவன கண்ணுக்குத் தெரிகின்றன. பட்டினியால் மடிவன அவ்வாறு தெரிவதில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களுட் சில உயிருள்ள முருகை நுகருயிர்களை மட்டுமே உண்பவை. அவற்றைத் தொட்டியிலிட்டால் முருகை அழியும், அல்லது மீன் அழியும், பெரும்பாலும் இரண்டுமே. துப்புரவு மீன் எனப்படும் நீலக்கோட்டு மீனின் கதை மேலும் இரங்கத்தக்கது. பாறையிலே ஓரிடத்தில் நின்று, நாள்தோறும் வந்துசெல்லும் பெருந்தொகையான மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது அது. கலவாய்கூட அதற்குத் தன் வாயைத் திறந்துவிடும். நாலைந்து மீன்களே உள்ள தொட்டியில் அதற்கு வாடிக்கையாளர் இல்லை. யாருடனும் சண்டையிடாத இம் மீன் அட்டவணையிற் பச்சைக் கட்டத்திலேயே இடம்பெறும். பட்டினிக்கு அங்கு நிறமில்லை.

பருமனைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சிங்கமீன் தன் வாய்க்குள் அடங்கும் எதனையும் விழுங்கும்; கிளாத்தி இறாலையும் நண்டையும் உடைத்துத் தின்னும்; வாலடியிற் கத்திபோன்ற முள்ளுடைய நீல மீன்கள் கடையில் விரலளவே தோன்றினும் சாணளவுக்கு மேல் வளர்வன, நாள் முழுதும் நீந்துவன. கடையிற் காண்பது பெரும்பாலும் குஞ்சு என்பதை மறத்தலாகாது.

இம் மீன்கள் எங்கிருந்து வருகின்றன என்ற வினாவைப் பெரும்பாலான கைந்நூல்கள் எழுப்புவதில்லை. இலங்கையில் கடல் அலங்கார மீன் வணிகம் 1930களிலேயே தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைச் சுழியோடிகள் கிழக்குக்குப் பெயர்ந்து திருகோணமலை, மட்டக்களப்புக் கடல்களில் மீன் பிடிப்பர். காற்று மாறியதும் திரும்புவர். காற்றுக் கலன்களைச் சுமந்து ஒரே நாளிற் பலமுறை ஆழத்துக்குச் சென்று மீள்வோர், மேலெழும் வேகத்தைத் தவறவிட்டால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் தோன்றி முடமாவதும் இறப்பதும் உண்டு. முருகைமேற் பாரமான வலையைப் போர்த்தி, கம்பியால் முருகையை உடைத்து மீனை வெளியேற்றும் 'மொக்சி' வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டதும் இத்தொழிலின் வரலாற்றைச் சேர்ந்ததே. 1998 இல் கடல் வெப்பமேறியபோது ஹிக்கடுவவிலும் கற்பிட்டிக் கடலிலும் ஆழங்குறைந்த முருகைகள் வெளிறி மடிந்தன; கற்பிட்டியில் மீளத் தழைத்தவை 2016 இல் மறுபடியும் வெளிறின. நண்பரின் தொட்டியில் முதலில் இறந்த இரண்டு டாம்சல்களின் விலை மலிவு எனப்பட்டது. அவ்விலையில் மேற்கூறியவற்றுள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நீரைப் பக்குவப்படுத்துவதற்கு உயிர்மீன் தேவையுமில்லை. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961 இல் விளக்கியபடி, உயிரினங்கள் குடியேறிய பாறைத் துண்டுகளே அப்பணியைச் செய்யும். அவற்றிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். தன்னீர்ப்பு 1.025 அளவிலும் வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரையும் நிலைபெற்று, அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போன பின்னரே முதல் மீன் வரவேண்டும். கடலிலிருந்து நேரே பெயர்த்த பாறை சட்டத்துக்கு மாறானது; வறண்ட கல்லில் பற்றீரியாவை வளர்த்தெடுப்பது சற்று மெதுவாயினும் குற்றமற்றது.

மீன்களை இடும் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் வந்தது முழுத் தொட்டியையும் தனதாக்கிக்கொள்ளும். ஆகவே மிக அடங்கியதை முதலிலும் மிக அடாவடியானதை இறுதியிலும் இடுவர். புதியது வரும்போது கற்களை மாற்றியடுக்கி, விளக்கை அணைத்துவிட்டால் பழைய எல்லைகள் குலைந்து, எல்லாம் ஏறத்தாழச் சமநிலையிலிருந்து தொடங்கும். இதனைக் கேட்டபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி மீன்களைப் பற்றியது மட்டுமன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒவ்வொரு புதிய மீனையும் முதலில் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்திருத்தல் வெண்புள்ளி நோயினின்றும் ஏனையவற்றைக் காக்கும்.

நண்பர் தமது டாம்சலை ஆறடித் தொட்டி வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார். அங்கு அது பிற மீன்களுடன் இன்றும் வாழ்கின்றது. தமது தொட்டியை அவர் மறுபடியும் தொடங்கியபோது ஐந்து மீன்களுக்கு மேல் வேண்டாமென முடிவாயிற்று. முதலில் மணலில் வளை தோண்டும் இறாலொன்றும், அதனுடன் கூடிவாழும் உளுவை மீனொன்றும். இறாலுக்குப் பார்வை மங்கல். அது வீட்டைக் கட்ட, உளுவை வாசலிற் காவல் நிற்கும். அடுத்து, கரிபியன் கடலுக்குரிய, இப்போது பண்ணைகளிற் பெருக்கப்படும் நீலக்கோட்டுச் சிற்றுளுவை ஒன்று. ஒட்டுண்ணி அகற்றும் வேலையைச் செய்யினும் அதனையே நம்பி வாழாது, இடும் தீனியையும் உண்ணும். பின்னர் வணிகர் 'பயர்பிஷ்' என்றழைக்கும் மெல்லிய மீன் ஒன்று. இணைசேராத இரண்டை இட்டால் ஒன்றையொன்று ஒடுக்கும். இறுதியிலே கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டு. 1970களின் முற்பகுதியில் புளோரிடாவில் மார்ட்டின் மோ இவற்றை வணிக அளவிற் பெருக்கிக் காட்டியதிலிருந்து, கடலினின்றும் பிடிக்கப்பட்ட கோமாளி மீனை வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அடியில் ஒன்று, கல்லில் ஒன்று, நடுநீரில் ஒன்று, மேலே இரண்டு என அவை இடத்தைப் பகிர்ந்துகொண்டன.

பயர்பிஷ் மட்டும் அஞ்சினால் நீருக்கு வெளியே பாயும். அதற்காக நண்பர் தொட்டியின் வாயில் நுண்கண் வலையொன்றைச் சட்டமிட்டுப் பொருத்தியிருக்கிறார்.