35 வயதில் அறிமுகம், 21 ஆட்டங்களில் முடிவு: யார் இந்த ஜிம் மோரிஸ்?

விளையாட்டு வீரர்கள் ஓய்வு பற்றி யோசிக்கும் 35 வயதில், அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் அறிமுகமானவர் ஜிம் மோரிஸ்.

கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி, பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்சர். 1983-ல் மில்வாக்கி புரூவர்ஸ் அணி மோரிஸைத் தேர்வு செய்தது. ஆனால் கையில் அடுத்தடுத்து காயம், அறுவை சிகிச்சை. மேஜர் லீக்கை எட்டாமலேயே விலகினார்.

ஆசிரியர் டூ பிட்சர்

பிறகு டெக்சாஸின் பிக் லேக் ஊரில் பள்ளி அறிவியல் ஆசிரியர். பேஸ்பால் கோச்சும் அவரே. 'நாங்க மாவட்ட சாம்பியன் ஆனா, நீங்க மறுபடி தேர்வுக்குப் போகணும்' என்பது மாணவர்களுடன் அவர் போட்ட டீல். 1999-ல் பசங்க ஜெயிச்சுட்டாங்க!

கொடுத்த வாக்குக்காகப் போனவர், மணிக்கு 98 மைல் (சுமார் 158 கி.மீ.) வேகத்தில் வீசினார். டாம்பா பே டெவில் ரேஸ் அணி ஒப்பந்தம் செய்தது. செப்டம்பர் 18-ல் முதல் ஆட்டம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ராய்ஸ் கிளேட்டனை நான்கே பந்துகளில் ஸ்டிரைக் அவுட் செய்தார்.

கணக்கு என்ன சொல்கிறது?

2000-ல் மீண்டும் கை வலி. மொத்தம் 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ், 13 ஸ்டிரைக் அவுட். அவர் கதை 2002-ல் 'தி ரூக்கி' படமானது. மோரிஸின் பெயரில் ஒரு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் பாக்கி இல்லை.