நெல்வேரைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள்: வேர்மண்டல இயக்கம் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புல்லினப் பயிர்களின் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண், வயலின் ஏனைய மண்ணிலிருந்து வேறுபட்டது. வேர் வெளியிடும் கரிமப் பொருள்களும் ஆக்சிஜனும் அங்கு வாழும் நுண்ணுயிர்களின் வகையையும் எண்ணிக்கையையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. நீர் நிற்கும் நெல்வயலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வேர்மண்டலம் உருவாகும் முறையையும், அங்குத் தழைச்சத்து வரவாகும் வழிகளையும் இழப்பாகும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. நுண்ணுயிர் உரத்தின் பயன், பொட்டலத்தில் உள்ள உயிரியை மட்டுமன்றி, அது சென்று சேரும் வேரின் சூழலையும் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வேர்மண்டலம், நெல், வேர்க்கசிவு, தழைச்சத்து, அசோஸ்பைரில்லம், மீத்தேன்

1. முன்னுரை

தூர் கட்டி நிற்கும் நெற்பயிர் ஒன்றைச் சேற்றிலிருந்து மெல்லப் பிடுங்கி நீரில் அலசிப் பார்த்தால், அதன் வேர்கள் யாவும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. புதிதாகத் தோன்றிய வேர்கள் வெண்மையாக இருக்கும். முதிர்ந்த வேர்களின் மீது இரும்புத்துருவை ஒத்த செம்பழுப்புப் படிவு காணப்படும். வடிகால் வசதியற்று, மட்காத தழையும் தாளும் மிகுந்து கிடக்கும் வயலில் வேர்கள் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவதும் உண்டு. வெள்ளை வேர் நல்ல வேர், கறுத்த வேர் கெட்ட வேர் என்பது உழவர் அனுபவத்தில் அறிந்த செய்தி. இந்நிற வேறுபாட்டுக்குக் காரணம், வேருக்கும் அதனைச் சூழ்ந்த நுண்ணுயிர்களுக்கும் இடையே நிகழும் வேதிவினைகளே ஆகும்.

தமிழ்நாட்டு நெல் சாகுபடியில் நுண்ணுயிர் உரம் புதிய செய்தி அன்று. அசோஸ்பைரில்லம் கலந்த நீரில் நாற்றின் வேரை நனைத்து நடும் வழக்கம் பல்லாண்டுகளாக உள்ளது. எனினும், ஒரு வயலில் பயன் தந்த அதே உரம் மற்றொரு வயலில் பயன் தரவில்லை என்ற குறையும் எழுகிறது. அக்குறைக்கு விடை காண வேண்டுமெனில், முதலில் வேர்மண்டலத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

2. புல்லின் வேரமைப்பு

தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இன்றைய தாவரவியலில் புல் என்பது அதனினும் குறுகிய பொருளில் ஒரே குடும்பத்தைக் குறிக்கும். நெல், கோதுமை, கேழ்வரகு, கரும்பு, மூங்கில், அறுகு ஆகியவை அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. தண்டின் அடிக்கணுக்களிலிருந்து கொத்தாகக் கிளைக்கும் சல்லிவேர்களே நிலைக்கின்றன.

இச்சல்லிவேர்த் தொகுதியின் பரப்பை அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீடு உணர்த்துகிறது. பெட்டியில் நான்கு மாதங்கள் வளர்க்கப்பட்ட ஒரே ஒரு ரை பயிரின் வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கும் மிகுதி என்றும், அவ்வேர்களில் இருந்த வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி என்றும் அவர் கணக்கிட்டார். ஒரு புல் மண்ணைத் தொடும் பரப்பு இத்துணைப் பெரிது. அப்பரப்பு முழுவதும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கு உரிய இடமாகும்.

3. வேர் அளிக்கும் உணவு

வேரின் தாக்கத்துக்கு உட்பட்ட மண்பகுதிக்கு வேர்மண்டலம் என்னும் பொருளில் 1904ஆம் ஆண்டு பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர். அவர் பயறுவகைப் பயிர்களை முன்னிறுத்தி இக்கருத்தை உருவாக்கினாலும், அது எல்லாப் பயிர்களுக்கும் பொருந்துவதாயிற்று.

இலையில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் உணவு முழுவதும் தண்டிலும் கதிரிலும் தங்கிவிடுவதில்லை. தானியப் பயிர்கள் தாம் சேர்க்கும் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டை நிலத்தடிக்கு அனுப்புகின்றன. அதில் பாதியளவு வேரின் உடலாகிறது. மூன்றில் ஒரு பங்கு, வேரும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. எஞ்சியது மண்ணிலும் நுண்ணுயிர்களின் உடலிலும் சேர்கிறது. சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், கரிம அமிலங்கள், வேர்நுனியைச் சூழ்ந்த பசை, உதிரும் செல்கள் ஆகிய வடிவங்களில் இவ்வுணவு மண்ணை அடைகிறது.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உணவுத் தட்டுப்பாட்டில் செயலடங்கிக் கிடப்பவை. வேர்நுனி அவற்றை நெருங்கும்போது உணவு கிடைக்கிறது. அவை விரைந்து பெருகுகின்றன. ஆகவே வேர்மண்டலத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பிற மண்ணைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை மிகுவதுண்டு. ஆனால் எல்லா இனங்களும் ஒருபடித்தாகப் பெருகுவதில்லை. கசிவில் உள்ள பொருளை எளிதில் உண்ணவல்ல இனங்களே முன்னிற்கின்றன. எவை தன்னைச் சூழ வேண்டும் என்பதில் பயிருக்கும் பங்கு உண்டு என்பது இதனால் பெறப்படும்.

4. நீர் நின்ற மண்ணில் காற்று

நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே வயலில் நீர் கட்டிய சில நாள்களுக்குள் மண்ணில் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. அதன் பின்னர் அவை நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும், பின்னர் சல்பேட்டையும் சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. இறுதியில் மீத்தேன் உருவாக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் மேலோங்குகின்றன.

இத்தகைய மண்ணில் நெல் வாழ்வதற்குக் காரணம் அதன் உடலில் உள்ள காற்றறைத் திசு. இலையிலிருந்து வேர்நுனி வரை செல்லும் இக்காற்றுவழியில் ஆக்சிஜன் இறங்குகிறது. அதில் ஒரு பகுதி வேரிலிருந்து மண்ணுக்குக் கசிகிறது. இதனால் காற்றற்ற சேற்றின் நடுவே, வேரைச் சுற்றி மெல்லிய உறை போன்ற ஆக்சிஜன் மண்டலம் தோன்றுகிறது.

சேற்றில் கரைந்துள்ள இரும்பு இம்மண்டலத்தை அடையும்போது ஆக்சிஜனேற்றம் பெற்று வேரின்மேல் துருவாகப் படிகிறது. இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களும் இதற்குத் துணைபுரிகின்றன. முதிர்ந்த வேரின் செம்பழுப்பு நிறம் இவ்வாறு உண்டாவதே. இளவேரில் இப்படிவு இன்னும் சேர்ந்திருப்பதில்லை. மறுபுறம், சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சை வெளியிடுகின்றன. மண்ணில் போதிய இரும்பு இருப்பின் அது சல்பைடோடு கூடிக் கரும்படிவாக மாறி நச்சைக் குறைக்கிறது. வேர் விடும் ஆக்சிஜனைக் கொண்டு சல்பைடைத் தீங்கற்றதாக மாற்றும் பாக்டீரியாக்களும் நெல்வேரருகே வாழ்கின்றன. மட்காத கரிமப் பொருள் மிகுந்து, நச்சின் அளவு வேரின் ஆக்சிஜனை விஞ்சும்போதுதான் வேர் கறுத்து அழுகுகிறது. ஜப்பானில் இரும்புச்சத்து குறைந்த மண்ணில் காணப்பட்ட அக்கியோச்சி என்னும் நெற்குறைபாடு இவ்வகைப்பட்டதே.

5. தழைச்சத்தின் வரவும் இழப்பும்

வயலில் இடும் யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே உறிஞ்சுவதில்லை. மண் நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி அதனை அம்மோனியமாக மாற்றுகிறது. காற்றற்ற சேற்றில் அம்மோனியம் நிலைத்து நின்று வேருக்குக் கிடைக்கிறது. ஆனால் நீரடி மண்ணின் மேற்பரப்பிலும் வேரை ஒட்டிய மண்டலத்திலும் ஆக்சிஜன் உண்டு. அங்கு வேறு சில பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் அருகிலுள்ள காற்றற்ற மண்ணுக்குள் பரவியதும் பிறிதொரு கூட்டம் அதனை நைட்ரஜன் வாயுவாக்கி வானில் விட்டுவிடுகிறது. யூரியாவை ஒரே முறை கொட்டாமல் பயிரின் தேவைக்கேற்பப் பகுத்து இடுமாறு பரிந்துரைப்பதற்கு இவ்விழப்பும் ஒரு காரணம்.

வரவின் ஒரு வழி, உண்பனவற்றால் அமைகிறது. வேர்க்கசிவை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் மண்ணின் தழைச்சத்தைத் தம் உடலில் அடைத்து வைக்கின்றன. அவை அப்படியே இருந்தால் பயிருக்கு நட்டமே. ஆனால் அமீபா முதலிய ஓரணு உயிரிகளும் நூற்புழுக்களும் பாக்டீரியாக்களை உண்டு, தமக்கு மிஞ்சிய தழைச்சத்தை அம்மோனியமாக வெளியேற்றுகின்றன. வேருக்கு மிக அருகில் இது நிகழ்வதால் பயிர் அதனை எளிதில் பெறுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர் மரியான் கிளார்ஹோம் 1985ஆம் ஆண்டு கோதுமையைக் கொண்டு இச்சுழற்சியை விளக்கினார். புல் தன் சர்க்கரையைக் கொடுத்து மண்ணின் தழைச்சத்தைப் பெறுகிறது என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

6. அசோஸ்பைரில்லம்: எதிர்பார்ப்பும் உண்மையும்

வரவின் மற்றொரு வழி, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள். பயறுவகைகளில் ரைசோபியம் வேர்முடிச்சுக்குள் வாழ்கிறது. புல்லினங்களில் அத்தகைய முடிச்சு இல்லை. பாக்டீரியாக்கள் வேரின் மேலும் அதன் திசு இடைவெளிகளிலும் தளர்ந்த உறவோடு வாழ்கின்றன.

பிரேசிலில் பணியாற்றிய ஜோஹன்னா டோபரைனர், 1970களில் வெப்பமண்டலப் புற்களின் வேர்களில் இவ்வகைப் பாக்டீரியாவின் இருப்பை நிறுவினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்னும் பேரினப் பெயரை அளித்தனர். அவர்கள் பயன்படுத்திய வளர்ப்பூடகம் பாதி இறுகிய கூழ் போன்றது. அதில் இப்பாக்டீரியா மேற்பரப்பிலும் வளரவில்லை, அடியிலும் வளரவில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய ஏடாகப் படர்ந்தது. அதன் சுவாசத்துக்கு ஆக்சிஜன் தேவை. நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதிக்கோ ஆக்சிஜன் பகை. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எங்குள்ளதோ, அங்கேதான் அது தொழிற்படுகிறது. சேற்றில் நெல்வேரைச் சுற்றி அமையும் ஆக்சிஜன் உறையின் விளிம்பு அத்தகைய இடமாகும்.

பின்வந்த ஆய்வுகள் தொடக்கக்கால எதிர்பார்ப்பைத் திருத்தின. இது நிலைப்படுத்தும் நைட்ரஜன் மட்டுமே பயிரின் தேவையை நிறைவு செய்யாது. பயனின் பெரும்பகுதி, இப்பாக்டீரியா சுரக்கும் இண்டோல் அசெட்டிக் அமிலம் முதலிய வளர்ச்சி ஊக்கிகளால் விளைகிறது. பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் மிகுவதால், மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தையும் நீரையும் பயிர் கூடுதலாகப் பெறுகிறது. அன்றியும், அம்மோனியம் மிகுந்துள்ள இடத்தில் இப்பாக்டீரியா நைட்ரஜன் நிலைப்படுத்துவதை நிறுத்திக்கொள்கிறது. முழு அளவு யூரியாவையும் இட்டு, அசோஸ்பைரில்லத்திடம் தழைச்சத்தையும் எதிர்பார்ப்பது பொருந்தாது.

7. நீரும் மீத்தேனும்

வேர்மண்டலத்தின் மற்றொரு விளைவு வயலின் எல்லையைக் கடந்தது. ஆர்க்கியாக்கள் உண்டாக்கும் மீத்தேனில் ஒரு பகுதியை, வேரருகே ஆக்சிஜனைக் கொண்டு வாழும் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள் அழிக்கின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி அதே காற்றறைத் திசு வழியாக மேலேறி வளிமண்டலத்தை அடைகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது.

துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கியபின் மீண்டும் நீர் பாய்ச்சும் முறையைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. காயும் நாள்களில் மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் உருவாக்கம் தடைபடுகிறது, நீரும் மிச்சமாகிறது. ஆயினும் நனைவதும் காய்வதும் மாறிமாறி நிகழும்போது நைட்ரேட் உருவாகி, நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மற்றொரு வெப்பவாயு மிகக்கூடும். யூரியாவைப் பகுத்து அளவோடு இடுதல் இங்கும் தேவையாகிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வேர்மண்டலம் பயிரும் நுண்ணுயிரும் சேர்ந்து உருவாக்குவது. இலையின் நலமே வேரருகே வாழும் உயிர்களின் உணவு. இரண்டாவது, நீரையும் உரத்தையும் மட்கையும் கையாள்வது, எந்த நுண்ணுயிர் மேலோங்கும் என்பதை முடிவு செய்வதாகும். மூன்றாவது, நுண்ணுயிர் உரம் உயிருள்ள பொருள். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிருள்ள செல்கள் குறைந்திருக்கும். கறுத்து அழுகிய வேரின்மேல் நல்ல பொட்டலமும் பயன் தராது.

ஆகவே, நுண்ணுயிர் உரம் பயன் தரவில்லை என்னும் உழவரிடம் உரத்தின் பெயரையும் அளவையும் மட்டும் வினவுதல் போதாது. ஒரு பயிரைப் பிடுங்கி, அதன் வேரை அலசிப் பார்த்தல் வேண்டும். வெள்ளை வேர்கள் தொடர்ந்து தோன்றுகின்றனவா, கருமை படர்ந்துள்ளதா என்பதை அறிந்தபின், வடிகாலா, காயவிடுதலா, யூரியாவைக் குறைத்தலா, உரத்தை மாற்றுதலா எது தேவை என்று கூற இயலும். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. வரப்போரத்து நீரே போதும்.