தேசப்படமும் கட்டட வேலையின் கால அட்டவணையும்

வானம் தோண்டாமல் சுவர் எழாது. சுவர் எழாமல் தளம் அமையாது. கட்டட வேலையின் இவ்வரிசையைக் கொத்தனார் யாவரும் அறிவர். சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டால் ஆன கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், கலப்புச் சிமெண்டாயின் 10 நாட்களும் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. இத்தகைய வரிசையையும் நாட்களையும் கணக்கிட்டு, எவ்வேலை தாமதித்தால் முழுவேலையும் தாமதிக்கும் எனக் காட்டும் அட்டவணை முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று. எனினும் அவ்வட்டவணைக்கு நாள் தெரியுமேயன்றி இடம் தெரியாது.

உதாரணமாக, மாளவப் பீடபூமியில் ஐந்து கிராமங்களில் 40 வீடுகள் கட்டப்பட வேண்டுமெனக் கொள்வோம். அட்டவணையில் நாற்பதும் ஒன்றே. நிலத்திலோ அவ்வாறன்று. இரண்டு கிராமங்கள் பாலமில்லாத ஓடைக்கு அப்பால் உள்ளன. ஜூன் பிற்பகுதியில் மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஜல்லி லாரி செல்லாது. மண்ணோ கரிசல், நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். தோண்டிய வானத்தை மழையில் திறந்து போட்டால் பக்கங்கள் சரியும்.

புவியியல் தகவல் மென்பொருள் இங்கேதான் உதவுகிறது. சாலை, ஓடை, மண் வகை ஆகியவற்றைக் கண்ணாடித் தாள்கள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வீட்டையும் ஒரு புள்ளியாகக் குறித்து, அதற்கு ஓர் எண் கொடுக்கிறோம். அதே எண் கால அட்டவணையிலும் இருக்கும். இரண்டும் இணைந்தபின், “ஓடைக்கு அப்பால் இருந்து, ஜூன் 10க்குள் தளம் முடியாத வீடுகள் எவை?” என்று வினவலாம். விடை படத்தில் நிறம் மாறித் தெரியும். பதினொரு வீடுகள் என்று தெரிந்தால், கொத்தனார் குழுக்களைப் பிப்ரவரியிலேயே அங்கு அனுப்பிவிட்டு, சாலையோர வீடுகளைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். மொத்த நாட்கள் குறையாமற்போகலாம். ஆயினும் மழைக்குமுன் கூரை காணும் குடும்பங்கள் மிகும்.

பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் வேலையின் கட்டந்தோறும் இடக்குறியுடன் புகைப்படம் எடுக்கப்படுகிறது. தவணைப் பணம் அதனைச் சார்ந்தே விடுவிக்கப்படுகிறது. இப்படங்களை வெறும் சான்றாகவே பலரும் கருதுகின்றனர். தேதியும் இடமும் சேர்ந்த இவை அட்டவணைக்கும் சிறந்த மூலப்பொருள் என்பதே நம் கருத்து. பெருந்திட்டங்களுக்கு இத்தகைய அடுக்குப் படங்களை ஓரிடத்தில் திரட்டும் பணி 2021 அக்டோபரில் தொடங்கிய கதிசக்தித் திட்டத்தால் நடைபெறுகிறது.

ஆனால் மென்பொருள் தான் கண்டதையே நம்பும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஓடை மணல்மேல் செல்லும் வண்டித்தடம் நல்ல சாலைபோலவே தோன்றும். அதை நம்பி ஜூலையில் சிமெண்டு மூட்டைகள் புறப்படும். கைப்பேசியின் இடக்குறியும் சில மீட்டர் பிசகக்கூடும். நெருங்கிய தெருவில் பக்கத்து வீட்டின்மேல் புள்ளி விழுந்தால், உரியவரின் தவணை தடைப்படலாம். வெட்டவெளியில் நின்று, குறி நிலைபெறும்வரை பொறுத்துப் பதிதல் நன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. தம் ஊர் ஓடை ஆண்டுதோறும் எந்நாளில் வழியை அடைக்கிறது, எந்நாளில் திறக்கிறது என்று முதியோரிடம் கேட்டு மாணவர் குறித்து வருவாராயின், எந்தச் செயற்கைக்கோளும் தராத ஓர் அடுக்கு அப்படத்தில் சேரும்.