நின்றால் விட்டுவிடும் வலி

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் சதை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். வயதாகிவிட்டது, வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்துகிறவர்கள் ஏராளம். ஆனால் இவ்வளவு கணக்காக வந்து போகும் வலி, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருப்பதற்கான முக்கியமான அறிகுறி.

தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து பாதை குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது வந்து சேரும் ரத்தம் போதும். நடக்கும்போது தசைக்குப் பல மடங்கு வேண்டும். அது கிடைக்காதபோது வலிக்கிறது. ஓட்டினால் நொண்டி, நிறுத்தினால் சரியாகும் குதிரையில் இதை 1831-இல் கண்டு எழுதியவர் புலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். 1858-இல் மனிதரிடமும் அதுவே நிகழ்வதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விளக்கினார்.

கண்டுபிடிப்பது எளிது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. இது 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் கவனம் தேவை. சுண்ணாம்பேறி விறைத்த குழாய் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், கால் விரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

வியப்பு சிகிச்சையில் இருக்கிறது. நடையை நிறுத்தும் இந்த வலிக்கு நடையே மருந்து. வலி ஓரளவு கடுமையாகும்வரை நடக்க வேண்டும். நின்று, அது அடங்கியதும் மீண்டும் நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். வலியில்லாமல் நடக்கும் தூரம் பலருக்குக் கணிசமாகக் கூடுகிறது. ஆனால் அடைப்பு கரைவதில்லை. கணுக்கால் எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கிடைக்கும் பிராணவாயுவைச் சிக்கனமாகச் செலவிடத் தசை பழகிக்கொள்கிறது, ரத்தக்குழாய்களும் நன்றாக விரிகின்றன.

பீடி, சிகரெட்டை விடாமல் இதில் எதுவும் முழுப்பலன் தராது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் கட்டுப்பாடு ஆகியவை அடுத்தவை. இவை போதாதபோது குழாய் வழியே அடைப்பை விரிக்கலாம். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்குச் சார்லஸ் டாட்டர் இதை முதன்முதலில் செய்தார். அந்த மூதாட்டி கடைசிவரை தன் காலிலேயே நடந்தார்.

படுத்தால் பாதம் வலித்து, கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறதா? புண் ஆறவில்லையா? விரல் கறுக்கிறதா? நடைப்பயிற்சியில் இறங்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு வலியே தெரியாது என்பதால், அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

காலில் படிந்தது இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் படிந்திருக்கக்கூடும். இந்நோயாளிகளில் காலை இழப்பவர்களைவிட மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் உயிரிழப்பவர்களே அதிகம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, எவ்வளவு தூரத்தில் வலி வருகிறது என்று சொல்லுங்கள். பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சோதனை காலோடு உயிரையும் காக்கக்கூடும்.