"எங்க காலத்துக்குப் பொறவு இவனுக்கு யாரு?"

40 வயதுப் 'பிள்ளை'களை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர்

சேரன்மகாதேவி:

மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. வயது 40. ஆனாலும் வீட்டில் அவன் 'தம்பி'தான். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட வேண்டும். மீன் குழம்பு என்றால் முள்ளை எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு வயது 70.

சேரன்மகாதேவியில் மட்டும் அல்ல. பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று தாமிரபரணிக் கரையில் எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒரு வீட்டைக் கை காட்டுவார்கள். அந்த வீட்டில் சொத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் இருக்கும்.

"எங்க காலத்துக்குப் பொறவு இவனுக்கு யாரு?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பாதிப் பதில் இருக்கிறது. அந்தப் பாதி கூட பல வீடுகளுக்கு எட்டவில்லை என்பதுதான் பரிதாபம்.

பைத்தியம் அல்ல!

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனவளர்ச்சிக் குறைவு வேறு, மனநோய் வேறு. மனநோய் இடையில் வருவது, மருந்தால் தணிவது. மனவளர்ச்சிக் குறைவு பிறவியிலோ, சின்ன வயதிலோ ஏற்படுவது. அதற்கு மாத்திரை கிடையாது. பழக்கம்தான் மருந்து. பத்து தடவை சொல்லிக் கொடுத்தால் வராதது நூறாவது தடவை வந்துவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் கோவில், தர்கா என்று கொண்டுபோய்க் கட்டிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் பலியானார்கள். நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலி போயிற்று. ஆனால் பூட்டிய அறை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். அவன் மட்டும் ஆச்சியோடு வீட்டில் இருப்பான்.

'தனிப் பந்தி' என்றாலே சேரன்மகாதேவிக்கு ஒரு பழைய கதை உண்டு. வ.வே.சு. ஐயர் இங்கே நடத்திய குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சோறு போட்ட விவகாரம் 1924, 1925-ல் ராஜதானியையே கலக்கியது. அது சாதிப் பந்தி. இது வேறு பந்தி. இதற்காக யாரும் மேடை போட்டுப் பேசவில்லை.

18 வயதில் அடைபடும் வாசல்

சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை ஏதோ ஒரு வழி உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமை. சிறப்புப் பள்ளி இருக்கிறது, பயிற்சி கொடுக்க டீச்சர் இருக்கிறார்.

18 முடிந்தது. மறுநாள் காலையில் பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். போவதற்கு இடம் இல்லை!

பழகிய எழுத்தும் கணக்கும் மெல்ல மறந்து போகும். உடம்பு பெருக்கும். கோபம் வரும். "நல்லாத்தாம் இருந்தான், இப்ப ரெண்டு வருசமா இப்பிடி" என்று பெற்றவர்கள் சொல்வது இதைத்தான். வியாதி முற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். வேலை இல்லாத மனிதன் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆவான்.

சட்டத்தில் இன்னொரு முடிச்சும் அந்த 18 வயதில் விழுகிறது. அன்று முதல் அவன் 'மேஜர்'. பெற்ற தாய், தகப்பன் என்றாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் தானாக வராது! பாங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் எல்லாவற்றிலும் இது இடிக்கும்.

கைரேகை மோசடிக்குப் பூட்டு

இதற்காக வந்ததுதான் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். மனவளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் இது பொருந்தும்.

மாவட்டந்தோறும் ஒரு கமிட்டி. தலைவர் கலெக்டர். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் கூட இருப்பார்கள். பெற்றோரோ, கூடப் பிறந்தவர்களோ, உறவினரோ மனு கொடுத்தால், காப்பாளர் தேவையா, எதற்கெல்லாம் தேவை என்று கமிட்டி விசாரித்து நியமிக்கும். சேரன்மகாதேவிக்காரர்களுக்கு நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் சுமார் 20 கிலோ மீட்டர். பஸ்சில் போய் வந்துவிடலாம்.

காப்பாளர் ஆகிவிட்டால் சொத்து அவருக்கு ஆகிவிடாது. 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் வரவு செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைத் தின்றாலோ, பெற்றோர் அல்லது உறவினர் புகார் செய்யலாம். விசாரித்துக் காப்பாளரை நீக்கவும் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு.

அப்பா இறந்த பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும், விவரம் தெரியாதவன் கட்டை விரலில் மை தடவிப் பத்திரத்தில் உருட்டிவிடும் அண்ணன் தம்பிகளுக்கு இது கொஞ்சம் கசப்பான சட்டம்தான்.

அதே அறக்கட்டளை 'நிரமயா' என்று ஒரு மருத்துவ இன்சூரன்சு நடத்துகிறது. வருஷத்துக்கு ரூ.1 லட்சம் வரை செலவு கிடைக்கும். வயது வரம்பு கிடையாது. பெரியவர்கள் கூட்டமாகத் தங்கும் இல்லம், பகல் நேரப் பராமரிப்பு, பெற்றோர் வெளியூர் போகும்போது சில நாள் விட்டுச் செல்லும் இடம் ஆகியவற்றுக்கும் திட்டங்கள் உண்டு. ஆனால் இவற்றைப் பதிவு பெற்ற நிறுவனம்தான் நடத்த முடியும். நிறுவனம் இல்லாத ஊரில் திட்டம் காகிதத்தோடு சரி.

ஆய்க்குடியில் நடந்தது

நிறுவனம் ஒன்று எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். சேரன்மகாதேவி ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் ஏறித் தென்காசியில் இறங்கினால் பக்கத்தில் ஆய்க்குடி.

அந்த ஊர்க்காரர் எஸ்.ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல் தகுதிச் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயல் இழந்துவிட்டது. அந்த நிலையில், உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் சொந்த ஊரில் ஒரு சின்னக் கொட்டகையில் சில பிள்ளைகளை வைத்து 'அமர் சேவா சங்க'த்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரை அதற்கு வைத்தார். தசை நலிவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் சங்கரராமன் 1992-ல் வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது.

விருதை விட முக்கியம் அங்கே கண்டுபிடித்த முறை. ஆட்களை ஆய்க்குடிக்கு வரச் சொல்லிக் காத்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். பெற்றோரைச் சங்கமாகச் சேர்க்கிறார்கள். மற்ற பெற்றோரைப் பார்த்த பிறகுதான் பல தாய்மார்களுக்கு, 'நமக்கு மட்டும் இல்லை' என்று மூச்சு வரும்.

கோரையும் அப்பளமும்

வேலைக்கு எங்கே போவது? இந்த ரயில் பாதையைப் பார்த்தாலே தெரியும். பத்தமடையில் கோரைப்பாய். காருகுறிச்சியில் மண்பாண்டம். வீரவநல்லூரில் தறி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். எல்லாம் கைத்தொழில்.

கோரையை நீளவாரியாகப் பிரித்து அடுக்குவது, அப்பளத்தை எண்ணிக் கட்டுவது, களிமண் பிசைவது... ஒரே காரியத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகள். நமக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். இவர்களில் பலருக்கு அலுக்காது. பத்து பேரைச் சேர்த்து, பொறுமையான ஒரு ஆளை மேற்பார்வைக்கு வைத்தால் ஒரு பகல் நேரப் பட்டறை தயார். அதற்கு ஒரு பழைய வீடு போதும்.

போய் வரச் செலவும் இல்லை. சாதாரண கட்டண டவுன் பஸ்சில் மாற்றுத்திறனாளிக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும் இலவசம்.

பையில் இருக்க வேண்டியவை

முதல் வேலை, ஆஸ்பத்திரியில் சோதனை செய்து ஊனச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை வாங்குவது. 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு உதவித் தொகைக்கு மனு செய்யலாம். ரூ.1,500 ஆக இருந்ததைத் தமிழக அரசு ரூ.2 ஆயிரமாக உயர்த்தியது. பிறகு கமிட்டிக்குக் காப்பாளர் மனு.

அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பாதிக்க முடியாத நிலையில் உள்ள மனவளர்ச்சி குன்றிய மகனுக்கோ, மகளுக்கோ பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டு. 25 வயது வரம்பு இவர்களுக்குக் கிடையாது. ஆனால் அப்பா கண்ணை மூடிய பிறகு அலைவதை விட, அவர் இருக்கும்போதே பென்ஷன் காகிதத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்த்து வைப்பது சுலபம். அதற்கு அவர் ஒரு நாள் ஆபீசுக்குப் போய் வந்தால் போதும்.